ஒட்டுக்கேட்கத் தகுதியற்றவன்

2021 ஜூலையில் பெகாசஸ் பட்டியல் வெளிவந்தபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வருத்தம் வந்தது. என் பெயர் இல்லையே என்ற வருத்தம். வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியதா இது? பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், வழக்கறிஞர்கள், முன்னாள் தேர்தல் ஆணையர் ஒருவர் என்று தவணை முறையில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று தேடும் பெரியப்பா மாதிரி நானும் தினமும் காலையில் மேலிருந்து கீழ்வரை தேடினேன். இத்தனை வருஷமாக அரசாங்கத்தைத் திட்டி எழுதியிருக்கிறேன். ஒரு உளவு அதிகாரிக்குக்கூடவா நான் பொருட்டாகத் தெரியவில்லை?

விஷயம் விளையாட்டல்ல என்பது தெரிந்துதான் இந்தக் கேள்வி. பெகாசஸ், இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் விற்கும் மென்பொருள். அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாக அவர்களே சொல்கிறார்கள். எந்த இணைப்பையும் நாம் தொட வேண்டியதில்லை. போன் பாட்டுக்குச் சட்டைப்பையில் கிடக்கும். உள்ளே ஆள் இறங்கிவிடுவான். பேச்சு, செய்தி, படம், மைக், கேமரா எல்லாம் அவன் வசம். உலகம் முழுக்கச் சுமார் 1,400 பேரின் போன்களை இப்படிக் குறிவைத்தார்கள் என்று வாட்ஸ்அப் நிறுவனம் 2019லேயே சொல்லியிருந்தது. அதில் நம் ஊர் மனித உரிமை வழக்கறிஞர்களும் உண்டு. வாங்கினீர்களா என்று கேட்டால், பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் தனக்கு அந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்றது. மற்றபடி ஆம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வை. சந்தேகம் உள்ளவர்கள் போனைக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று குழு பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்தது. நான் அறிவிப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. அந்தரங்கம் பறிபோனதா என்று தெரிந்துகொள்ள அந்தரங்கத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். நிஜமான காரணம் வேறு. போனைத் திறந்து பார்க்கும் நிபுணர் கண்ணில் என்ன படும்? காலை வணக்கப் படங்கள். மூட்டுவலித் தைல விளம்பரங்கள். என் கட்டுரைக்கு வந்த ஒரே பாராட்டின் ஸ்கிரீன்ஷாட், பலமுறை எடுத்தது. தேச விரோதி என்று நினைத்துக்கொண்டால்கூடத் தேவலை.

குழுவிடம் கடைசியில் வந்து சேர்ந்தவை 29 போன்கள். அவற்றில் ஐந்தில் ஏதோ தீம்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் முடிவு வந்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு குறிப்பிட்டிருப்பதைத் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே சொன்னார்.

எனக்கோ ஆசை விடவில்லை. ஐ.டி.யில் இருக்கும் தங்கை மகனைப் பிடித்தேன். ஆம்னெஸ்டி அமைப்பு இலவசமாக வெளியிட்டிருந்த சோதனைக் கருவியைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, என் போனைச் சொருகி, அரை நாள் பார்த்தான். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஸ்கேன் அறைக்கு வெளியே நிற்கிறவன் போல நின்றேன்.

"பெகாசஸ் எல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றான்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தாச்சு. ஆனா இந்த டார்ச் லைட் ஆப் எதுக்கு உங்க காண்டாக்ட்ஸ் பூராவும் படிக்குது? ராசிபலன் ஆப்புக்கு எதுக்கு மைக்?"

"எனக்கென்னடா தெரியும்?"

"நீங்கதான் அலோ குடுத்திருக்கீங்க. கேட்டதுக்கெல்லாம் குடுத்திருக்கீங்க."

அவமானம்தான். ஆனாலும் ராசிபலன் ஆப் விடியற்காலையில் கதவைத் தட்டி என்னை வண்டியில் ஏற்றாது என்று அவனுக்கு விளக்கினேன். அவன் மைக்கை அணைத்துவிட்டு, "உங்களுக்கு அஷ்டமத்துச் சனி மாமா" என்று படித்துக் காட்டினான்.

இப்படிப்பட்டவனை ஒட்டுக்கேட்பு பற்றிப் பேச ஒரு மாவட்டத் தலைநகருக்கு அழைத்தார்கள். நூலக மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் பாதி காலி. வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள்: பெயர், முகவரி, கைபேசி எண், கையொப்பம். வந்தவர்கள் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டு உள்ளே போக, தனியுரிமை பற்றிப் பேச வந்த நான்தான் பின்கோடு வரை எழுதினேன்.

பேச்சில் சரக்கு இருந்தது. அதில் குறை வைக்கவில்லை. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், அதன் 5(2) பிரிவு: பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால் மட்டுமே அரசு இடைமறிக்கலாம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகள்: உள்துறைச் செயலர்தான் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் நீதிபதி யாரும் கிடையாது. அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரிகளே சரிபார்ப்பார்கள். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன், கைதட்டலுக்காக. ஃபேன் சத்தம்தான் கேட்டது.

மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். போன வருஷத்து டைரி, கட்டம் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி. மற்றவர்கள் போனைத் தடவிக்கொண்டிருக்க, இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அவரைப் பார்த்துப் பார்த்து உற்சாகம் ஏறியது. பாதிப் பேச்சு அவருக்காகவே பேசினேன். ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் அரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்து மாட்டிக்கொண்டதும், அந்தத் தகராறில் 1991 மார்ச்சில் பிரதமர் சந்திரசேகரே பதவி விலகியதும் வந்தபோது மட்டும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார்.

கூட்டம் முடிந்து டீயும் மசால் வடையும் வந்த நேரத்தில் பக்கத்தில் வந்தார்.

"சார், தொண்ணூத்தாறு தீர்ப்புன்னீங்களே, ஹைகோர்ட்டா, சுப்ரீம் கோர்ட்டா?"

"சுப்ரீம் கோர்ட்."

"எஸ்.பி. லெவல்ல ஆர்டர் போட முடியாதுங்களா?"

"முடியவே முடியாதுங்க. ரொம்ப அவசரம்னாகூட ஐ.ஜி. ரேங்குக்குக் கீழ யாரும் போட முடியாது. அதையும் ஏழு வேலை நாளுக்குள்ள உள்துறைச் செயலர் உறுதி பண்ணணும்."

"அந்த ரெண்டு கான்ஸ்டபிள் மேட்டர் எந்த வருசம் சார்?"

நெகிழ்ந்துபோய்த் தட்டச்சு செய்த குறிப்புகளையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் எண்ணும் வாங்கிக்கொண்டேன், தீர்ப்பின் பி.டி.எஃப். அனுப்புவதற்கு. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார். போன மாசம் ஒருத்தர் பேசினார், தலையும் புரியல, வாலும் புரியல. ரிப்போர்ட் எழுதி முடிக்க ராத்திரி பன்னெண்டாயிடுச்சு" என்றார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கூட்டம் நடத்திய தம்பிதான் படியிறங்கும்போது சொன்னார்: "அவர் தனிப்பிரிவு ஏட்டு சார். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். நல்ல மனுசன்." நல்ல மனுஷர்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறவர் அவர் ஒருவரே. என் சொற்பொழிவு எங்காவது பிழையில்லாமல் பாதுகாக்கப்படுகிறது என்றால் அது அந்த அறிக்கையில்தான்.

என்னை முழு அப்பாவியாக நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட நாளில் நானும் இடைமறித்தவன்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பம்பாயிலிருந்து வரும் இன்லேண்ட் லெட்டர்களைத் தபால்காரர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். ஒட்டியதைப் பிரிக்கவே வேண்டாம். இரண்டு பக்க ஓரத்தையும் விரலால் அழுத்தினால் உறை குழாய் மாதிரி வாயைத் திறக்கும். ஒற்றைக் கண்ணை வைத்தால் பாதிப் பாதி வரியாகத் தெரியும். அப்படி ஒருநாள் "அத்தை" என்றும் சற்றுத் தள்ளி "முடிந்துவிட்டது" என்றும் படித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா பதறிப்போய்த் துக்கம் விசாரிக்கப் போனாள். முடிந்தது அத்தை மகளின் கல்யாணப் பேச்சு. அன்று விழுந்த அடி, உளவுத்துறையில் எனக்கிருந்த எதிர்காலத்தை அடைத்தது. பாதி வரியைப் படித்துவிட்டு ஒருவரைச் சாகடிப்பது உத்தியோகபூர்வமாகவும் நடக்கும் என்று அப்போது தெரியாது.

நான் இன்லேண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1986இல், கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கித் தபால் சட்டத் திருத்தம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பேசாமல் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த நம் ஆர். வெங்கட்ராமன் 1990இல் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002இல் மசோதாவை வாபஸே வாங்கிவிட்டார்கள். சும்மா வைத்திருப்பதும் ஒரு எதிர்ப்பு என்று ஜெயில் சிங்கை வைத்துப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். சும்மா இருப்பதில் எனக்கும் தேர்ச்சி உண்டு என்பதால் மனதுக்கு நெருக்கமான உதாரணம்.

அதே சங்கதி 2023இல் புதிய அஞ்சலகச் சட்டமாகத் திரும்பி வந்தது. அதன் 9ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, அவசர நிலை, பாதுகாப்பு என்பதோடு நிற்கவில்லை. இந்தச் சட்டத்தையோ வேறு எந்தச் சட்டத்தையோ மீறினாலும் தபாலை இடைமறிக்கலாம் என்கிறது. மாநிலங்களவையில் நிறைவேறியது டிசம்பர் 4. அன்று மிக்ஜாம் புயலில் வேளச்சேரிப் பக்கம் நான் முழங்கால் தண்ணீரில் மிக்சியையும் புத்தக மூட்டையையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மக்களவையில் நிறைவேறியது டிசம்பர் 18. அன்று தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. அதே நாளில் அறிமுகமான தொலைத்தொடர்பு மசோதா, 1885 சட்டத்தின் இடத்தில் உட்காரவிருந்த மசோதா, அந்த வாரமே இரண்டு அவைகளையும் தாண்டிவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடைநீக்கமாகி வெளியே நின்றார்கள். மழையைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன், தெரிகிறது. தண்ணீர் வடிந்து, வருஷம் பிறந்து, யாரோ ஒரு கூட்டத்தில் கேட்டபோதுதான் அப்படி ஒரு சட்டம் வந்ததே எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி தலையாட்டினேன். ஒன்று மட்டும் நிச்சயம்: புயல் நாளில் என் போனை யாரும் ஒட்டுக்கேட்டிருக்க முடியாது. சிக்னலே இல்லை.

2025 ஜூலை 2இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷின் தீர்ப்பு. ஒரு லஞ்ச வழக்கில் கல்வி நிறுவன நிர்வாக இயக்குநர் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை போட்ட உத்தரவை அவர் ரத்து செய்தார். செய்தித் தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில் பி.டி.எஃப்.பை எல்லாக் குழுக்களுக்கும் தள்ளிவிட்டேன், "இனி நம் போனை யாரும் தொட முடியாது" என்ற குறிப்போடும் மூன்று ஆச்சரியக்குறிகளோடும். குடும்பக் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன.

சாயங்காலம் வழக்கறிஞராக இருக்கும் ஒரு தங்கச்சி கூப்பிட்டார்.

"அண்ணே, தீர்ப்பைப் படிச்சீங்களா?"

"படிக்காம அனுப்புவேனாம்மா?"

"எத்தனாவது பக்கம் வரைக்கும்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒட்டுக்கேட்பையே நீதிமன்றம் தடுத்துவிடவில்லை. குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது என்பது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது; சட்டத்தில் இருக்கிற அந்த இரண்டு வாசலை விட்டுவிட்டுச் சுவரேறிக் குதிக்கக் கூடாது என்றது. மறுஆய்வுக் குழு முன்னால் வைக்க வேண்டியதை வைக்கவில்லை என்றது. அப்படிச் சேர்த்த பேச்சைச் சாட்சியாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. "வாசல் இன்னும் திறந்துதான்ணே இருக்கு. நீங்க பூட்டியாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க." குழுக்களில் திருத்தம் போடவில்லை. கைகூப்பியவர்களை ஏமாற்ற மனசு வரவில்லை.

அதே வருஷக் கடைசியில் சஞ்சார் சாத்தி. விற்கிற ஒவ்வொரு புதுப் போனிலும் அந்த அரசு ஆப்பைக் கட்டாயம் ஏற்றித்தர வேண்டும் என்று நவம்பர் 28இல் உத்தரவு. ஊரே கொதித்தது, நானும் கொதித்தேன், கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதுவதற்குள், டிசம்பர் 3இல், கட்டாயத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். எதிர்ப்பு வென்றதில் மகிழ்ச்சி, கட்டுரை வீணானதில் துக்கம். இதில் நான் எழுதாமல் விட்ட உண்மை ஒன்று: பஸ்ஸில் போனைத் தொலைத்த ஒரு சமயம், அந்த ஆப்பை நானே இறக்கி வைத்திருந்தேன். கொதித்துக்கொண்டிருந்த கை அந்தப் போனில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தோல்விகள். சிரிக்க வராத ஒன்று இருக்கிறது. "போன்ல வேணாம், நேர்ல சொல்றேன்" என்று எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. நேரில் போய் நான் சொல்வது அடுக்குமாடிச் சங்கத் தேர்தலில் யார் யாருக்கு ஓட்டு என்பதாக இருக்கும். குரல் மட்டும் தாழ்ந்துவிடுகிறது. சில பெயர்கள் வந்தால் சாதாரண அழைப்பைத் துண்டித்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன், பெகாசஸ் அதற்குள்ளும் வரும் என்று மேடையில் பேசியவன். போன வருஷம் ஒரு கட்டுரையில் ஒரு வரியை எடுத்தேன். ஒரு விசாரணை அமைப்பின் பெயர் வரும் வரி. அவதூறும் இல்லை, ஆதாரமும் இருந்தது. ஆசிரியர் எடுக்கச் சொல்லவில்லை, வக்கீல் சொல்லவில்லை, மிரட்டல் எதுவும் வரவில்லை. நடை தடுக்குகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த வரி இருந்தபோது நடை நன்றாகவே ஓடிற்று.

கேட்கிறார்களா என்று தெரிந்துவிட்டால் இத்தனை கோமாளித்தனம் இராது. தெரிய வழியில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். உன் போனை இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை கேட்டோம், ஒன்றுமில்லை, நிறுத்திவிட்டோம் என்று பின்னாளில்கூட யாரும் சொல்ல வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த ஒரு பதிலை வைத்து 2014இல் வெளியான அறிக்கை ஒன்று, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை போன் இடைமறிப்பு உத்தரவுகள் போடுவதாகச் சொன்னது. ஞாயிறு, தீபாவளி சேர்த்து ஒரு நாளைக்கு 250, 300. ஒவ்வொன்றையும் படித்து, யோசித்து, கையெழுத்திடும் உள்துறைச் செயலர் சாப்பிடுவது எப்போது? மறுஆய்வுக் குழுவோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமில்லை என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதிவிட்டது. எனக்குப் பொழுது போகாதபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். அத்தனை ஆயிரத்தில் நான் இருக்க மாட்டேன் என்று பகலில் தோன்றும். அத்தனை ஆயிரத்தில் நான் ஏன் இருக்கக் கூடாது என்று ராத்திரியில் தோன்றும்.

அதே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். "என் போனை ஒட்டுக்கேட்டீர்களா?" என்று தலைப்பிட்டு எழுதினேன். கேட்பதாலேயே கேட்கத் தொடங்கிவிட்டால்? டிராயரில் வைத்தேன். மாதங்கள் ஓடின. ஒருநாள் அந்த வக்கீல் தங்கச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அதுக்குப் பதில் வராதுண்ணே. பாதுகாப்புக் காரணம்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அதோட, அந்த ஆர்டர் ரெக்கார்டெல்லாம் தேவையில்லன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா அழிச்சிரணும்னு ரூல்லயே இருக்கு. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை கிழிச்சிருப்பாங்க."

"அப்ப விட்டுரவா?"

"விடாதீங்க. உங்க பேரைக் கேக்காதீங்க, எண்ணிக்கையைக் கேளுங்க. நம்ம மாநில உள்துறை வருஷத்துக்கு எத்தனை ஆர்டர் போட்டுச்சு, மறுஆய்வுக் குழு எத்தனை தடவை கூடுச்சு, எத்தனையை வேண்டாம்னுச்சு. அவ்வளவுதான். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்குக் காட்டுங்க."

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"கேள்வியெல்லாம் சரியா இருக்குண்ணே. தொடர்புகொள்ளத் தேவையானது மட்டும் போதும்னு சட்டத்துலயே சொல்லியிருக்கு. அதுக்குத்தான் விலாசம் இருக்கே. போன் நம்பர் எதுக்கு?"

"சந்தேகம் இருந்தா கூப்பிடுவாங்கன்னு…"

"மாற்று நம்பர்னு அண்ணியோடதும் போட்டிருக்கீங்க."

"ஆமா, அது…"

"சரி, அதை விடுங்க. கீழே இணைப்புன்னு ஆதார் ஜெராக்ஸ், முன்பக்கம் பின்பக்கம்னு எழுதியிருக்கே, அதை யாரு கேட்டாங்க?"